கட்டை விரலுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு

எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். அந்த நேரத்துக்குப் போய் காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்து உட்காருவது எங்கள் நாலைந்து பென்ஷன்காரர்களின் வழக்கம். சர்க்கரை அளவு, அகவிலைப்படி, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்ற மூன்றும் பேசி முடித்த பிறகுதான் மற்ற பேச்சு. போன வாரம் அந்த மற்ற பேச்சில் நான் மாட்டிக்கொண்டேன்.

"சார் அரியர் பணத்துல ஸ்டியரிங் வாங்கியிருக்கார், தெரியுமா? கார் இல்ல. வெறும் ஸ்டியரிங்" என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இன்னொருவர், என்னோடு ஒரே செக்ஷனில் 11 வருஷம் உட்கார்ந்தவர், விடவில்லை. "என் பேரன் சொல்றான் சார், கேம்பேடே போதுமாம். அதுலதான் வேகமா ஓட்டலாமாம். இந்த ஸ்டியரிங் எல்லாம் பந்தாவுக்காம். இந்த வயசுல நமக்கு எதுக்கு அது?"

அங்கே எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு எப்போதுமே பதில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன். அவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படித்துவிட்டு 'படிக்கவில்லை' என்று சொல்வார்கள் என்பதும் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். டி.வி.யில் கார் பந்தயம் ஆடுகிற விளையாட்டை இரண்டு விதமாக ஆடலாம். ஒன்று, கேம்பேட். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற, பொத்தான்கள் வைத்த சாமான். இடது கட்டை விரலால் ஒரு சின்னக் குமிழைத் தள்ளினால் கார் திரும்பும். ஆள்காட்டி விரலால் பின்பக்கம் அழுத்தினால் ஓடும், நிற்கும். இன்னொன்று, நிஜக் காரில் இருப்பது போலவே ஸ்டியரிங்கும் காலுக்கு மிதிகளும். பிரெஞ்சில் முதலாவதை 'மனெத்' என்பார்கள், இரண்டாவதை 'வொலான்' என்பார்கள். நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் வொலான் இருந்தது; மனெத் என்றால் அப்போது ஏதோ ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

பேரன் காலேஜுக்குச் சென்னை போனபோது அந்த மெஷினை என் அறையில் விட்டுவிட்டுப் போனான். "பொழுது போகலன்னா ஆடுங்க தாத்தா" என்றான். நாற்பது வருஷம் ஃபைலோடு மல்லுக்கட்டியவனுக்கு இது எம்மாத்திரம்? கிரான் டூரிஸ்மோ என்ற விளையாட்டு. ஒரு மாதத்தில் சுவரில் இடிப்பது நின்றது. ஆறு மாதத்தில், லீவுக்கு வந்த பேரனையே ஒரு பந்தயத்தில் முந்தினேன். விட்டுக்கொடுத்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இங்கேதான் வினை. அந்தச் சமயத்தில் என் மகன் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, இனிமே கடலூர் ரோட்ல நீங்க வண்டி எடுக்காதீங்க. வேணும்னா டிரைவர் போட்டுக்கலாம்." அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சந்திப்பில், முன்னால் போன ஆட்டோவை லேசாக உரசிவிட்டேன். ஆட்டோக்காரர் சத்தம் போட்டார், ஐந்நூறு ரூபாயோடு முடிந்தது. ஆட்டோ திடீரென்று நின்றது, அதுதான் காரணம் என்று நான் வீட்டில் சாதித்தேன். கையில் சாட்சியமும் இருந்தது. "வயசான கை என்கிறாயே, உன் பிள்ளையையே ஜெயித்த கை இது" என்று டி.வி.யைக் காட்டினேன். மகன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். அவன் அப்படிப் போனால் கோபம் என்று அர்த்தம் இல்லை, பயம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

அந்த மிதப்பில்தான் அரியர் வந்ததும் ஸ்டியரிங் வாங்கினேன். இன்னும் வேகமாக ஓட்டலாம் என்று நினைத்தேன். நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன்: முதல் நாள் முதல் வளைவிலேயே புல்வெளிக்குப் போனேன். கேம்பேடில் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் எடுத்த இடத்தில் இரண்டரை நிமிடம் ஆனது. முதல் வாரம் முழுக்க அதே கதை. அப்படியானால் உங்கள் பேரன் சொன்னது சரிதானே என்பீர்கள். ஆம், வேகத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. உலகத்தில் நன்றாக ஆடுகிறவர்களில் கேம்பேடோடு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவே இல்லை. கேள்வி அது அல்ல. ஏன் வேகம், யாருடைய வேகம் என்பதுதான் கேள்வி.

கேம்பேடின் குமிழ் இப்படியும் அப்படியும் சேர்த்தே இரண்டு விரல் அகலம் நகர்ந்தால் அதிகம். என் ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று. அந்த இரண்டரைச் சுற்றை ஒரு விரலுக்குள் அடக்க வேண்டும் என்றால் நடுவில் யாராவது வேலை செய்தாக வேண்டும். மெஷின்தான் செய்கிறது. குமிழை முழுக்கத் தள்ளினாலும் சக்கரத்தை முழுக்கத் திருப்பாது. வேகமாகப் போகும்போது திருப்பத்தைக் குறைக்கும். பதறித் தள்ளினால் நிதானமாகத் திருப்பும். நம் கட்டை விரல் உளறுவதை அது ஒழுங்குபடுத்தி எழுதிக்கொள்கிறது.

எனக்கு இது நன்றாகப் புரியும், ஏனென்றால் நாற்பது வருஷம் நான் செய்த வேலையே அதுதான். மனு கொடுக்க வருகிறவர் கோபத்தில் ஆயிரம் சொல்வார், அழுவார், நடுவில் பங்காளிச் சண்டையையும் சேர்ப்பார். குமாஸ்தா அதை எல்லாம் வடிகட்டி, 'மனுதாரர் கோருவது யாதெனில்' என்று நாலு வரி நோட் போடுவான். அதிகாரி அந்த நாலு வரியைத்தான் படிப்பார். மனுதாரர் ரொம்பத் தெளிவானவர் என்று நினைத்துக்கொள்வார். கேம்பேட் ஒரு கெட்டிக்காரக் குமாஸ்தா. அது போட்ட நோட்டைப் படித்துவிட்டு என்னை நானே தெளிவானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கில் குமாஸ்தா கிடையாது. மனுதாரர் நேராக அதிகாரி முன்னால் நிற்கிறார். உளறினால் உளறல்தான் பதிவாகும்.

இன்னொரு வித்தியாசம் கைக்கு வரும் சேதி. கேம்பேடும் அதிரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'ஏதோ நடந்தது' என்று சொல்லுமே தவிர, கார் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று கையில் காட்டாது. நல்ல ஸ்டியரிங்குக்குள் மோட்டார் இருக்கிறது. வளைவில் முன் சக்கரங்களின் பிடி தளர்ந்தால் கையில் கனம் சட்டென்று குறையும். பின்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடப் பார்க்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத மாருதி 800 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மழையில் ரோட்டில் நீர் நிற்கும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கணம் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகும். அடிவயிறு சில்லிடும். காலை மெதுவாக எடுப்போம். அந்தப் பஞ்சுத்தனம் 25 வருஷம் கழித்து என் சாப்பாட்டு மேஜையில் என் கைக்குத் திரும்பி வந்தது. அன்று விளையாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"விளையாட்டுக்கு ஸ்டியரிங் எதற்கு, புதுப் பவிசு" என்று அன்று கடற்கரையில் ஒருவர் முணுமுணுத்தார். இதில் எது புதுசு, எது பழசு என்பதிலேயே அவருக்குக் குழப்பம். அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 1974ல் கிரான் டிராக் 10 என்று காசு போட்டு ஆடும் கார் விளையாட்டைக் கொண்டுவந்தபோது, அதில் ஸ்டியரிங், கியர், மிதிகள் எல்லாம் இருந்தன. 1986ல் சேகா கொண்டுவந்த அவுட் ரன்னிலும் ஸ்டியரிங்தான். விளையாட்டு வீட்டுக்குள் வந்தபோது, எல்லா விளையாட்டுக்கும் ஒரே சாமான் போதும் என்று செலவைச் சுருக்கியதில்தான் கட்டை விரலுக்கு இந்தப் பதவி கிடைத்தது. அதன் பிறகும், 2001ல் மூன்றாவது கிரான் டூரிஸ்மோ வந்தபோதே கையை எதிர்த்துத் தள்ளுகிற ஸ்டியரிங் அதற்கென்று வந்துவிட்டது. ஆக, ஸ்டியரிங்தான் மூத்தது. கேம்பேட் தற்காலிக ஏற்பாடு. நம் அரசாங்கத்தில் தற்காலிக ஏற்பாடுகள் நிரந்தரமாவதை நாம் பார்க்காததா?

"எல்லாம் வெறும் பொம்மை" என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். லூக்காஸ் ஓர்தோனெஸ், ஸ்பெயின்காரர். நிசான் கம்பெனியும் சோனியும் சேர்ந்து 2008ல் நடத்திய போட்டியில், வீட்டில் கிரான் டூரிஸ்மோ ஆடியவர்களிலிருந்து தேர்வானவர். நிஜக் காரில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2011ல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், அவருடைய அணி தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது. டி.வி. முன்னால் கற்றது ரோட்டுக்கு ஒன்றுமே உதவாது என்று இனிமேல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்காக ஸ்டியரிங் வாங்கிய எல்லோரும் லெ மான் போவார்கள் என்று நானும் சொல்ல மாட்டேன். நிஜக் காரில் முதுகும் இடுப்பும் வேகத்தை உணரும். என் அறையில் நாற்காலி அசையாது. ஸ்டியரிங் சொல்வது பாதி உண்மைதான். ஆனால் கேம்பேட் சொல்வது கால் பங்குகூட இல்லை, அதையும் இனிப்பாக்கிச் சொல்கிறது.

இப்போது கடற்கரையில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு மாதத்தில் ஸ்டியரிங் பழகிவிட்டது. நேரமும் குறைந்தது. ஆனால் ஒன்று மட்டும் பழகவில்லை. அரை மணி நேரம் ஆடிய பிறகு, முன்னால் போகிற கார் பிரேக் பிடித்தால், நான் அதில் போய் முட்டினேன். ஒரு நாள் இல்லை, தினமும். முன் கார் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. 'பிரேக்' என்று மனம் சொல்கிறது. கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்து, பிரேக்குக்கு வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. கேம்பேடில் இது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு விரலும் இரண்டு பொத்தான் மேல் தயாராகக் குந்தியிருக்கும். எந்த விரலும் எங்கேயும் பயணம் போக வேண்டியதில்லை. காலுக்குத்தான் பயணம் உண்டு.

இரவுப் பந்தயம் இன்னும் மோசம். லெ மான் தடத்தில் ராத்திரி ஓட்டும்போது, எதுவும் பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேரனை வீடியோ காலில் கூப்பிட்டு, "டி.வி.யில் வெளிச்சம் கம்மியாக இருக்கிறதா பார்" என்றேன். "நல்லாத்தானே தெரியுது தாத்தா" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆட்டோ திடீரென்று நிற்கவில்லை. நான்தான் தாமதமாக நின்றேன்.

மறுவாரம் கண் டாக்டரிடம் போனேன். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்தது, இப்போது பார்வை தேவலை. கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. காலுக்குப் புரை எடுக்க முடியாதாம். தீபாவளிக்கு வந்த மகனிடம் கார் சாவியைக் கொடுத்தேன். "கடலூருக்கு டிரைவர் போட்டுக்கலாம்" என்றேன். அவன் சாவியை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. சமையல்கட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் ஏதோ சொன்னான். அன்று மத்தியானம் எனக்கு இரண்டாவது அதிரசம் கேட்காமலேயே கிடைத்தது.

இதைப் பரிசோதனை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணுக்குக் கண் டாக்டர், காலுக்கு அதற்குரிய டாக்டர். ஆனால் அவர்களிடம் போக வேண்டும் என்ற புத்தி யார் சொல்லி வரும்? மகன் சொன்னான், கேட்கவில்லை. மனைவி சொன்னாள், காதிலேயே விழவில்லை. கேம்பேடோ, "நீ இன்னும் வாலிபன்" என்று தினமும் சாயங்காலம் எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னது ஸ்டியரிங் ஒன்றுதான். அதைத்தான் பந்தா என்கிறீர்கள்.

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் 'திக்தே' வைப்பார். அவர் வாசிக்க வாசிக்க நாம் எழுத வேண்டும். ஐந்து தப்பு என்றால் பூஜ்யம், ஆறாவது தப்பை அவர் பார்க்கக்கூட மாட்டார். அழுதிருக்கிறேன். ஆனால் எனக்கு எது தெரியாது என்று திட்டவட்டமாகத் தெரிந்தது அந்த ஒரு பாடத்தில்தான். 'பரவாயில்லை, நல்ல முயற்சி' என்று எழுதித் தந்த மற்ற வாத்தியார்கள் முகம்கூட இப்போது ஞாபகம் இல்லை.

வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். மோட்டார் இல்லாத மலிவு ஸ்டியரிங்குகள் வருகின்றன. உள்ளே ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்து நடுவுக்கு இழுக்கும், அவ்வளவுதான். அதற்குக் கேம்பேடே மேல். இந்த ஒரு இடத்தில் எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொள்கிறேன். விலை அதிகமாகத் தெரிந்தால், மோட்டார் உள்ளதையே பழசாக வாங்கலாம். மேஜை கனமானதாக இருக்கட்டும். ஆபீஸில் இருந்தது போல் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி கூடாது. பிரேக்கை மிதித்தால் கார் நிற்பதற்குப் பதில் நாம் பின்னால் போவோம். நான் சுவரில் முட்டிய பிறகுதான் பழைய தேக்கு நாற்காலியை எடுத்தேன். கட்டை விரலை ஸ்டியரிங்கின் கம்பிக்குள் கோத்துப் பிடிக்காதீர்கள். கார் மோதும்போது ஸ்டியரிங் வெட்டி இழுக்கும், நம் வயதில் சுளுக்கினால் ஆற நாளாகும். அதன் பலத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். சின்னக் காராக எடுங்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். தலை சுற்றினால் எழுந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் நேரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

"மெதுவாகத்தானே போகிறது" என்று கவலைப்படுகிறவர்களுக்கு, நான் வாலிபனாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லெ மான் பந்தயத்தில் அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் எல்லோரும் ரோட்டின் ஒரு பக்கம் நிற்பார்கள், கார்கள் மறுபக்கம் நிற்கும். கொடி அசைந்ததும் ஓடிப்போய் ஏறிக் கிளம்ப வேண்டும். அவசரத்தில் பலர் பெல்ட்டைச் சரியாகப் போட மாட்டார்கள். 1969ல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஓட மாட்டேன் என்று மெதுவாக நடந்து போனார். பெல்ட்டை நிதானமாகக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். 24 மணி நேரம் கழித்து ஜெயித்ததும் அவருடைய கார்தான், சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில். அந்த ஓட்டத்தையே அதற்கடுத்த வருஷம் எடுத்துவிட்டார்கள்.

ஆக, என் செக்ஷன் நண்பருக்கும் அவர் பேரனுக்கும் என் பதில் இது. கேம்பேட் வேகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த வேகம் உங்களுடையதா, அதனுடையதா என்று ஒரு நாளாவது தெரிந்துகொள்ளுங்கள். இருபது வயதுப் பையனுக்கு அது தெரியாமல் போனால் ஒன்றும் குடிமுழுகாது. நமக்கு அப்படி இல்லை. நம்மில் மூன்று பேர் இன்னும் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறோம். யார் யார் என்று பெயர் போட மாட்டேன், அவரவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலை கடற்கரைக்குப் பதில் என் வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அதற்கப்புறமும் பந்தா என்று தோன்றினால் தாராளமாகச் சிரிக்கலாம், காபி என் செலவு. வரும்போது ஆட்டோவில் வாருங்கள்.